மேடேறிய தண்ணீர்

எங்கள் தெருவில் குழாய்கள் எல்லாம் பூமிக்குக் கீழே இருந்தன. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த புதிதில் நானும் நம்பவில்லை. வாடகை வீட்டு வாசலில் ஒரு பள்ளம், அதில் இறங்கக் குறுகலான படிகள், அடியில் ஓர் இரும்புக் குழாயின் வாய். இதில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று என் கணவர் சொன்னபோது, புதுப் பெண்டாட்டியைச் சீண்டிப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. தண்ணீருக்காகக் குழிக்குள் இறங்குவதெல்லாம் எங்கள் வகையறாவில் யாரும் கேள்விப்படாத சமாச்சாரம்.

பாலாற்று மணலில் ஊறும் தண்ணீர்தான் எங்களுக்குக் குழாயில் வந்தது. எங்கள் தெரு ரயில் பாதைப் பக்கம் தொடங்கி மேடேறிப் போகும். அவ்வளவு உயரம் ஏறிவரத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டுக் குழாயை ஒரு முழம் கீழே இறக்கினார். அவருக்கு நன்றாக வந்தது, பக்கத்து வீட்டில் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவர் இரண்டு முழம் இறக்கினார். இப்படிப் போட்டி போட்டே மொத்தத் தெருவும் பள்ளத்துக்குள் போய்விட்டது. திருகு இருந்தால் தண்ணீர் குறைச்சலாக விழும் என்று அதையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். பிடித்து முடித்ததும் பழைய துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைப்பார்கள். அந்தத் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரக்கூட அந்தத் தண்ணீரால் முடியாது.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில், கடைசி வீடு. அதனால் எங்கள் குழிதான் தெருவிலேயே ஆழம். உள்ளே நின்றால் என் தலை மட்டும் வெளியே தெரியும். தண்ணீர் முற்பகலில் வரும். என் கணவருக்கு மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை, விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். எனவே குழி என் பாடு. குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றி, வழுக்குகிற படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்து ஏறுவேன்.

முதல் குழந்தை அப்படி ஏறிய ஒரு நாள் சாயங்காலம் போயிற்று. வயிற்றில் மூன்று மாதம்தான். குழியால்தான் என்று சொல்ல முடியாது, இது யாருக்கும் நடக்கக்கூடியது என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை. கோபப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, குழி கண் முன்னால் இருந்தது. மனசு மாறட்டும் என்று என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனார். எல்லோரும் அலையில் காலை நனைத்து விளையாட, நான் மணலில் உட்கார்ந்து அந்தக் கடலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். இவ்வளவு தண்ணீரை இங்கே சும்மா கொட்டி வைத்துவிட்டு, என்னை ஒரு குடத்துக்காகப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறாயே என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் சுண்டல் விற்றவர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்.

இரண்டாம் முறை உண்டானபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. குடத்துக்குப் பதில் சொம்பு எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஐந்தாம் மாதம், ஒரு நாள் குழிக்குள் நின்றிருக்கும்போது மேலே ஒரு நிழல் விழுந்தது.

தெருவின் கீழ்க்கோடி வீட்டு அக்கா. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். குழந்தை இல்லை. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். எனக்கும் அவளுக்கும் அதுவரை பேச்சு என்றால் சண்டைதான். கீழே இருப்பவர்கள் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடுகிறீர்கள் என்று நான் கத்துவேன், ஆத்தங்கரையில் பிறந்தவளுக்குக் குடம் தண்ணி போதாதா என்று அவள் கத்துவாள். அன்றைக்குக் குழியின் விளிம்பில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வயித்துல புள்ளைய வச்சிகினு குழில எறங்கிகினு கீறியே, அறிவு கீதா உனக்கு? ஏறு மேல."

ஏறினேன். மறுநாளிலிருந்து அவள் வீட்டுக் குழியில் பிடித்த தண்ணீரை இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று மேடேறிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்குவாள். ஏறும் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வருவாள். என் புருஷனை, என்னைக் கட்டிக்கொடுத்தவர்களை, இந்த மேட்டில் வீடு கட்டியவனை, யாரையும் விடமாட்டாள். தண்ணீரை விட வசவு அதிகமாக வந்தது. எனக்கு மானம் போகும். ஆனாலும் அந்தக் குடங்களை வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் நான் இல்லை. அவள் எதற்காக இதைச் செய்கிறாள் என்பது எனக்குப் புரியவேயில்லை. என்னை ஊர் பார்க்கத் திட்டுவதற்கு ஒரு சாக்கு என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் தண்ணீர்த் திட்ட வேலை எங்கள் பக்கம் வந்தது. அறிவிப்பு ஆட்டோவில் வரும். ஒலிபெருக்கி கட்டிய அந்த ஆட்டோ மேடேறும்போது இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, இறங்கும்போது பறக்கிற வேகத்தில் ஒன்றும் விழாது. தெருவே வாசலில் நின்று ஆளுக்கொரு வார்த்தை பொறுக்கி, சேர்த்துப் பார்த்துச் செய்தியைக் கண்டுபிடிப்போம். பள்ளம் தோண்டப் போகிறார்கள், வண்டிகளை எடுத்துவிட வேண்டும். நாளை முதல் புதுக்குழாய் இணைப்பு, தண்ணீர் வராது, சேமித்து வைக்கவும். சேமித்து வைப்பதற்கு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த வேலையைப் பார்ப்பதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. எங்கள் திண்டாட்டத்துக்கு நடுவில், தெருவின் கீழ்க்கோடியில் ஒரு தொட்டி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிக் கட்டி மேலே போனார்கள். சிமென்ட் கலவைச் சட்டியைத் தலைக்குத் தலை மாற்றி ஏற்றினார்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். அண்ணாந்து பார்த்தாலே எனக்குக் கிறுகிறுக்கும். தெருவில் தோண்டிய பள்ளத்தில் இறக்கிய குழாய்களின் வாயில் ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம். ஆற்று மணலுக்கு அடியில் இருக்கிற தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி, அங்கிருந்து இந்தக் குழாய் வழியாக என் வாசலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதை நினைத்தால் மயிர்க்கூச்செறியும். சாமி கும்பிடுவது போலத் தினமும் போய்ப் பார்ப்பேன். வயிறும் வளர்ந்துகொண்டே வந்தது. எது முதலில் முடியும், தொட்டியா நானா என்று என் கணவர் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

பொறியாளர் ஒரு இளம்பெண். குடையும் கையுமாக வீடு வீடாக வந்து விளக்கினார். எல்லா வீட்டுக்கும் இடுப்பு உயரத்தில் புதுக் குழாய் வைப்போம், பழைய குழிக் குழாய்களும் இதே இணைப்பில்தான் இருக்கும், பிறகு ஆள் வந்து வெட்டி எடுப்பார்கள், அதுவரை குழியில் இருக்கும் வாயை ஒவ்வொருவரும் இறுக்கி அடைத்து வைக்க வேண்டும். குழிகளில் தண்ணீர் ஒழுகினால் மேட்டு வீட்டுக்கு ஏறாது. இதைச் சொல்லும்போது என் வயிற்றைப் பார்த்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குழியை நம்பித்தான் இந்தத் தெரு பிழைத்தது. வராத தண்ணீரை நம்பி வருகிற தண்ணீரை அடைக்க யார் முன்வருவார்கள்?

அடைத்தார்கள். எனக்கு இன்றுவரை ஆச்சரியம் அதுதான். கீழ்க்கோடி அக்கா முதல் ஆளாக அடைத்து, குழியின் மேல் கருங்கல் பலகை போட்டு மூடினாள். பிறகு ஒவ்வொரு வாசலாக நின்று, அடைக்காதவர்களின் பரம்பரையையே இழுத்துப் பேசினாள். வெள்ளோட்டம் விடும் நாளுக்குள் தெருவில் திறந்த குழி ஒன்றுகூட இல்லை.

அது புரட்டாசி மாதம், எனக்கு எட்டு முடியப் போகிறது. காலையில் தொட்டியிலிருந்து திறந்துவிட்டார்கள். கீழ்க்கோடியில் ஹோவென்று சத்தம் எழுந்தது. அக்கா வீட்டுப் புதுக் குழாயில் தண்ணீர் விழவில்லை, பாய்ந்தது. வாளியின் அடியில் அது மோதுகிற சத்தம் மேட்டில் இருந்த எனக்குக் கேட்டது. தெரு முழுக்கச் சிரிப்பு. நான் என் வாசல் குழாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். உள்ளே காற்று சீறியது. சீறிக்கொண்டே இருந்தது. நடுத்தெருவில் நூல் மாதிரி ஒழுகுகிறது என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. பிறகு என் குழாயில் அந்தச் சீறலும் அடங்கிவிட்டது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதேன்.

அக்காதான் முதலில் கவனித்தாள். அவள் வாசல் பலகையின் ஓரத்தில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கினால், குழிக்குள் பாதிக்கு மேல் தண்ணீர் நின்று கொதிப்பது போலப் புரள்கிறது. மேலே அவள் அடைத்த துணிச்சுருள் மிதக்கிறது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. யாரும் ஏமாற்றவில்லை. எல்லோரும் மனசாரத்தான் அடைத்திருந்தார்கள், காலம் காலமாக எப்படி அடைத்தார்களோ அப்படி, துணியால். துணியைத் தள்ளத் தெம்பில்லாத தண்ணீரைத்தான் அவர்களுக்குத் தெரியும். தெம்புள்ள தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பொறியாளர் யோசித்தார். வால்வை மூடிவிடலாம், சரிசெய்த பிறகு இன்னொரு நாள் பார்க்கலாம், ஆனால் மற்ற தெருக்கள் வரிசையில் இருக்கின்றன, அந்த நாள் எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாராம். அக்கா நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள். அங்கே நான் நின்றிருந்தேன்.

"தண்ணிய நிறுத்தாதம்மா, தொறந்தே கெடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு இன்னொரு நாள்லாம் கெடயாது."

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். குழாய்ப் பள்ளம் சரியாமல் முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைகள் ஓரமாகக் கிடந்தன. அவற்றைத் துண்டு போட்டு, முனையைச் சீவி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஆப்பு மாதிரி செய்தார்கள். பொறியாளரே குடையை மடக்கிப் போட்டுவிட்டு டியூபை இழுத்துச் சுற்றிக் கொடுத்தார். மார்பளவுத் தண்ணீரில் ஒவ்வொரு குழியாக ஆட்கள் இறங்கினார்கள். சுத்தியலால் நீருக்குள் அடிக்க முடியாது, குழவிக் கல்லால் இடித்தார்கள். அடைத்தவர் மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பார், அடுத்த குழியில் ஆள் இறங்கும்.

அப்போது நான் கண்டதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தண்ணீர் மேடேறி வந்தது. கண்ணுக்குத் தெரியாமல், காலுக்குக் கீழே, வீடு வீடாக. கீழே ஒரு குழி அடைபட்டால் மேலே ஒரு வீட்டுக் குழாய் இருமும், துப்பும், பிறகு ஓடும். அந்த வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். அடுத்த வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுத்தெரு தாண்டியது. மாவு மில் தாண்டியது. எனக்கு இரண்டு வீடு கீழே வந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு குழிதான் பாக்கி, அக்காவுடையது. கீழ்க்கோடி என்பதால் அங்கேதான் வேகம் அதிகம், ஆப்பை இரண்டு முறை தூக்கி எறிந்துவிட்டது. மூன்றாம் முறை அவளே இறங்கினாள். தலை மறைய முங்கினாள் என்று பிறகு சொன்னார்கள்.

என் குழாய் ஒரு குலுக்குக் குலுங்கியது. துருத் தண்ணீர் கொஞ்சம் தெறித்தது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு தெளிந்து, என் இடுப்பு உயரத்திலிருந்து, நான் குனியாமல் நிற்க, குடத்துக்குள் அப்படியே இறங்கியது. ஆறு என் வாசலுக்கு நடந்து வந்ததுபோல இருந்தது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். கையை ஒதுக்கித் தள்ளியது.

அக்கா சொட்டச் சொட்ட மேடேறி வந்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. எனக்காக எதற்கக்கா இந்தப் பாடு என்று ஏதோ உளறினேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனுக்கு ரெண்டு போச்சி. ரெண்டும் அந்தக் குழில எறங்கி ஏறித்தான். குழியால இல்லன்னாரு டாக்டரு. எனுக்குத் தெரியாதா? யாராண்டயும் சொன்னதில்ல."

இத்தனை மாதம் அவள் சுமந்து வந்த குடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்த மாதிரி இருந்தது. அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஐப்பசியில் வலி கண்டபோது என் கணவர் ஷிப்டில் இருந்தார். அவள்தான் ஆட்டோ பிடித்து, ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, யாரம்மா வாங்கிக்கிறீங்க என்று கேட்டாராம். வராந்தாவில் அவள் ஒருத்திதான் இருந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், தான் அதட்டிய பிறகுதான் நீட்டினாள் என்று அந்த நர்ஸே பிறகு சொன்னார்.