ஏத்தியாச்சு

மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கணினியில் கோப்புகள் தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கும். ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டி, 'இந்தப் பெட்டியை இங்கே வை' என்று கட்டளை கொடுத்தால், அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வருவதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். இதற்குப் பெயர் மவுண்ட். மென்பொருளுக்குத் திருத்தம் போடும் நாளில், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தொடக்கூடாது. அதன் நகலைத் தனியிடத்தில் மவுண்ட் செய்து, திருத்தங்களை அதில்தான் கொட்ட வேண்டும். நகலை வைக்க மறந்து கொட்டினால் எல்லாம் தரையில் போய் விழும். பிறகு பெட்டியை வைத்தால், தரையில் விழுந்தது கண்ணில் படாது. சிந்தியதன் மேல் பாயை விரித்த மாதிரிதான்.

இதை ஒருநாள் என் மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொட்டிய எடுத்து வெக்கறதுக்கா இவ்ளோ சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள்.

என்னோடு வேலை செய்யும் தம்பி பென்னாகரத்துக்காரன். அவன் பெங்களூரில், நான் அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில். வேலை கொடுப்பது கடல் கடந்த ஒரு வங்கி. அங்கே சனிக்கிழமை இரவு கூட்டம் ஓய்ந்த பிறகுதான் திருத்தம் போட விடுவார்கள். அது நமக்கு ஞாயிறு காலை. வேலை நேரத்தில் ஆங்கிலம்தான் பேச வேண்டுமென்று விதி. ஊர்க்காரர் இருவர் மட்டும் இணைப்பில் இருக்கும்போது எந்த விதி நிற்கும்? மவுண்ட் செய்வதை நாங்கள் 'ஏத்தறது' என்போம். "ஏத்தியாச்சாண்ணா?" என்று அவன் கேட்பான். "ஏத்தியாச்சு" என்று நான் சொன்னதும் திருத்தத்தை ஓட்டுவான். இப்படியே வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்த ஞாயிறன்று அப்பா தருமபுரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். உடம்பில் ரத்தம் சுண்டிப்போய், சில நாட்களாகக் கண்ணைத் திறப்பதே பெரும்பாடு. பேச்சு நின்றே போயிருந்தது. ரத்தம் ஏற்றினால் கொஞ்சம் தெளிவார், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மனைவி அங்கே இருந்தாள். விடுப்புக் கேட்டேன். அந்த வாரம் மாற்று ஆள் இல்லை என்று, மிகுந்த வருத்தத்தோடு, மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய வருத்தத்துக்கு மட்டும் என்றுமே பஞ்சமில்லை.

வேலை தொடங்கியது. நகல் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் மவுண்ட் செய்யவில்லை. அப்போது மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, ஏத்தியாச்சுங்க. பாட்டல் முடிஞ்சிருச்சு. மாமா கண்ணத் தொறந்துட்டாரு."

"ஏத்தியாச்சா!" என்று கத்தியேவிட்டேன். "மாதாவே! சரி, சரி, ஏத்தியாச்சு. நல்லது."

காதில் மாட்டியிருந்த மைக் திறந்தே இருந்தது. பெங்களூரில் அவன் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திருத்தத்தை ஓட்டியிருக்கிறான். ஒரு காதில் போனை அழுத்திக்கொண்டிருந்த எனக்கு அது கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, ஒன்றும் அறியாமல், கடமை தவறாமல் பெட்டியை மவுண்ட் செய்தேன்.

வெறுமையாக இருக்க வேண்டிய அந்தக் கோப்புறைக்குள், பெட்டியில் இருக்கும் அதே பெயர்களில் கிளைக் கோப்புறைகள் இல்லாமல் இருந்திருந்தால் ஓட்டம் உடனே தவறிப்போய் நின்றிருக்கும். என்றைக்கோ யாரோ ஒரு புண்ணியவான் அவற்றையும் உருவாக்கி வைத்திருந்தான். பாதித் திருத்தம் தரையில், பாதி பெட்டியில். தரை என்பது ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மூலப்பெட்டி. அது நிறைந்துபோனதும் வங்கியின் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இடம் இல்லை என்கிறது. எதனால் என்று தேடினால் ஒரு கோப்பும் தென்படவில்லை.

"நீங்கதான்ணா சொன்னீங்க, ஏத்தியாச்சுன்னு," என்றான் தம்பி.

"அது ரத்தம்டா" என்றேன்.

அதற்குள் வெளிநாட்டுக் குரல்கள் இணைப்பில் வந்து சேர்ந்தன. ஓட்டத்தை நிறுத்தி, பெட்டியை எடுத்து, அடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்து, பழைய நகலிலிருந்து மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். அவசரப்பட்டு வேறெதையாவது அழித்தால் வங்கியே படுத்துவிடும்.

நடுவில் மனைவி மறுபடி கூப்பிட்டாள். "மாமா உக்காந்துட்டாருங்க. நல்லாப் பேசறாரு. ரெண்டு வாய் இட்லி சாப்ட்டாரு. சீக்கிரம் வாங்க."

"இதோ முடிஞ்சுடும்" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு பைக்கில் போக, சூடான டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. அவ்வளவு பக்கத்தில் அப்பா பேசிக்கொண்டிருந்தார், நான் யாரோ ஒருவருடைய கணினியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அந்தத் தூக்கத்திலிருந்து அவர் தெளியவே இல்லை. அதே வாரத்தில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

நடந்ததற்கு அலுவலகம் விளக்கம் கேட்டது. 'ஏத்தியாச்சு' என்றால் என்ன, ஏன் குழப்பம் வந்தது என்று எழுதி அனுப்பினேன். குடும்ப விவரங்களை எடுத்துவிட்டுத் தொழில்நுட்பக் காரணத்தை மட்டும் வைக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த அளவுக்கு நிம்மதி.

அப்பா அன்று என்னதான் பேசினார் என்று மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்பேன். போர் மோட்டாரைச் சரிசெய்தாச்சா என்றாராம். மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்தாச்சா என்றாராம். இட்லியில் உப்பில்லை என்று குறைகூடச் சொன்னாராம். அதோடு நிறுத்திக்கொள்வாள். ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தெரியும். ஒருநாள் விடாமல் கேட்டேன்.

"உங்களக் கேட்டாருங்க. வேலைல இருக்காருன்னேன்."

"அதுக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"'ஞாயித்துக்கெழமயிலயாம்மா?'ன்னாரு."

அப்பா ஞாயிற்றுக்கிழமையில் ஏர் பூட்டியதில்லை. சனியன்று மழை பெய்து, பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் விதைத்துக்கொண்டிருந்தாலும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களை மாதா கோயில் பூசைக்குத்தான் கூட்டிப்போவார்.

"அப்பறம் ஒண்ணுங் கேக்கலைங்க," என்றாள். "கதவப் பாத்தாப்பல உக்காந்துட்டு இருந்தாரு. அப்பறமா படுத்துக்கிட்டாரு."