நான் போடாத கையெழுத்து

விசுவாசக் குடும்பத்தாருக்கு அன்பின் வாழ்த்துகள். என் சாட்சியை அருவருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில் கடைசி வருடப் பிள்ளைகளின் புராஜெக்ட் என் மேசைக்கு வந்தது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் நேரில் பேசி எழுத வேண்டும். ஒருவரும் பேசவில்லை. ஏஐயிடம் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஏஐ புனைந்த அதே லட்சுமி, அதே கண்ணீர். "தோலின் இனிய நறுமணம் சூழ்ந்த தொழிற்கூடம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். தோல் பதனிடும் டேனரியைத் தாண்டும்போது பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிற பயல்! படிக்கப் படிக்க அருவருப்பு.

துறைத்தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப யார்மா சொந்தமா எழுதுறாங்க? கையெழுத்து போட்டுட்டுப் போங்க. இல்லன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு கிளாஸ் இருக்காது."

நான் ஒப்பந்த ஆசிரியை. கணவர் படுக்கையில் இருக்கிறார், என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. 'இது மாணவரின் சொந்த உழைப்பு' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். பேனாவை எடுத்தாலே கை கூசியது. "ஆண்டவரே, என்னைப் பொய்ச்சாட்சி ஆக்காதேயும். என்னோடு நிற்க ஒருவரையாவது தாரும்" என்று சமையலறையில் நின்று அழுதேன்.

அந்த ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி நேரம். மாதனூர் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. அவர் மகன் ஜெபராஜ் என் மாணவன்.

"என் புள்ள காலேஜ்ல என் வேலையப் பத்தியே எழுதிட்டான். இன்னா ஏதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, எல்லாம் அவனுக்கே தெரிஞ்சிருக்கு. இயேசப்பாவுக்கு ஸ்தோத்திரம்!"

சபை அல்லேலூயா என்றது. அவன் எழுதியதிலும் அந்த லட்சுமிதான். பெற்ற தாய் ஒரு வரியிலும் இல்லை. பின்வரிசையில் அவன் தலை கவிழ்ந்திருந்தான். நான் அவனிடம் பேசவில்லை. அவ்வளவு வெறுப்பு.

மறுநாள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினார். ஜெபராஜ் கேட்காமலே உள்ளே வந்தான்.

"சார், நான் எழுதினது பொய். மிஸ் கையெழுத்து போட வேணாம். ஃபெயில் பண்ணாலும் பரவால்ல, திரும்ப எழுதித் தரேன்."

வாசலில் அவனோடு வந்த இன்னும் சில பிள்ளைகள் நின்றார்கள். தலைவர் முகம் கறுத்தது. மாணவர்களே சொன்னபின் மூடி மறைக்க முடியாதே! எல்லோரும் திரும்ப எழுத அவகாசம் கொடுத்தார். என் வேலையும் தங்கியது.

ஜெபராஜ் தாயிடம் உண்மையைச் சொல்லித்தான் பேட்டி கேட்டானாம். "கம்பெனி பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா" என்று அக்கா அழுதாராம். இதை எழுத இருவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

அருவருப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன். பிரியமானவர்களே, பொய்க்குக் கையெழுத்துக் கேட்டு யாராவது பேனாவை நீட்டினால் பயப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களோடு நிற்க ஆளை அனுப்புவார். நான் முகம் கொடுத்துப் பேசவும் கூசிய ஒருவனைத்தான் எனக்கு அனுப்பினார்.