ஆறு இறங்கும் வரை

அம்மா இறந்த ஐந்தாம் மாதம், ஆனிக் கடைசியில் ஒரு விடியற்காலை, அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னை எழுப்பினார்.

"கெளம்பும்மா. அக்காளப் பாத்துட்டு வந்துரலாம்."

ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அக்காள் பேச்சை எடுத்ததில்லை. பென்னாகரம் சந்தைக்கு மாடு ஓட்டி வந்த கன்னடக்காரரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் போனவள் அவள். அம்மா செத்த சேதிகூட அவளுக்குப் போகவில்லை. இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். நான் அப்பாவோடு இருந்தேன்.

நடந்தோம். ஒகேனக்கல் போகும் பாதையில் காடு தொடங்கியதும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலில்தான் அவருக்கு வேகம் வரும். வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார், அக்காளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உச்சி வெயிலுக்கு ஆற்றங்கரைக்கு வந்து, கட்டுச்சோற்றைத் தின்று பரிசல் ஏறினோம். தண்ணீர் குறைவாக இருந்தது. பரிசல்காரர் பாதி தூரம் துடுப்பு போடாமல் கழியை ஊன்றியே தள்ளினார்.

அக்கரை அப்போது கோயமுத்தூர் ஜில்லா. எங்களுக்கு அது கன்னடச் சீமை. கரை ஏறியதும் ஆடு மேய்த்த பெண்ணிடம் வழி கேட்டேன். அவள் சொன்ன பதிலில் பாதிதான் புரிந்தது. அப்பா சந்தையில் கற்ற கன்னடத்தில் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்னும் எட்டு மைல். என் கால் கொப்பளித்துவிட்டது.

ஊர் தெரிந்ததும் அப்பா ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்க் கூட்டிகினு வா. நான் இங்கியே இருக்கறேன்."

நாலைந்து மாத வயிற்றோடு அக்காள் களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்தாள். அப்பா வந்திருப்பதைச் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு மரத்தடிக்கு நடந்தாள். அப்பா குடித்து முடிக்கும் வரை நின்று, பிறகு கேட்டாள்.

"அம்மா வல்லியா?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "போயிட்டாம்மா. தையில."

அக்காள் அழவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். நாங்கள் பின்னால் போனோம். மச்சான் வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி, மாவா" என்று உட்காரச் சொன்னார். அவருக்குத் தமிழ் வரும். அன்றைக்கு வரவில்லை.

காலையில் திரும்பிவிடுவதாக இருந்தோம். விடிந்ததும் பரிசல் துறையைப் பார்த்துவர மச்சான் போனார். மத்தியானம் வந்து, "ஹொளெ தும்பைதெ" என்றார். மேற்கே பெய்த மழையில் ஆறு நிறைந்துவிட்டது, பரிசல் போடமாட்டார்கள்.

இப்படித்தான் ஒரு பொழுது இருந்துவிட்டு வரப் போனவர், பிடிக்காத மருமகன் வீட்டில் ஒன்பது நாள் தங்கும்படி ஆயிற்று. அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கேழ்வரகுக் களியின் சூடும் அவரைக்காய்க் குழம்பின் மணமும் வருகிறது. அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மச்சானோடு சேர்ந்து முள் வெட்டி வேலி அடைத்தார். மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டார். அக்காளின் மகள் அவர் பின்னாலேயே திரிந்து, அவர் சொல்லும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். அக்காள் மட்டும் தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அடுப்படியிலிருந்து அவள் குரல் எழும்பியது.

"சேதி சொல்லி வுட ஒரு ஆளு கெடக்கலியாப்பா ஒனக்கு?"

அப்பா கையில் இருந்த களி உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"கெடச்சான். நாந்தான் வுடல."

"ஏன்?"

"கோவம். அப்பறம் பயம். எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

அதன் பிறகுதான் அக்காள் அழுதாள். அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதாள். அப்பா எழுந்துபோய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மச்சான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அன்றிரவு அம்மாவின் கடைசி நாட்களை அப்பாவே அவளுக்குச் சொன்னார். அதுவரை எனக்கே தெரியாத சிலதும் அதில் இருந்தது: கடைசியில் அம்மா "வந்துட்டியாம்மா" என்று என்னைக் கேட்டதெல்லாம் அக்காள் என்று நினைத்துத்தானாம்.

பத்தாம் நாள் ஆறு இறங்கியது. அக்காளும் மச்சானும் துறை வரைக்கும் எட்டு மைலும் எங்களோடு நடந்து வந்தார்கள். பரிசலில் ஏறிய பிறகு அப்பா மச்சானைப் பார்த்து, "தைக்கு வந்துருங்க. இவ அம்மாவுக்குத் தெவசம் குடுக்கணும்" என்றார். மருமகனிடம் அவர் முதல்முறையாக 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

தையில் நான்கு பேராக வந்தார்கள். அக்காள் கையில் இரண்டு மாதக் குழந்தை இருந்தது.