கயிற்றை விடாத திருங்கோ

அபாய் ஆற்றின் மேல் நிற்கும் எங்கள் கல்பாலத்துக்கு நடு வளைவு கிடையாது. பழைய சண்டை ஒன்றில் உடைத்துவிட்டார்கள். அந்த இடைவெளியைக் கயிற்றில் தொங்கித்தான் கடக்க வேண்டும். இடுப்பில் கட்டிவிட்டு அக்கரைக்காரர்கள் கயிற்றை விட விட, இக்கரைக்காரர்கள் இழுப்பார்கள். இங்கே இழுத்தவர் என் புருஷன் உபாந்தே. மேய்ச்சல் தகராறில் அக்கரை கஷாவ் அவரைச் சுட்டுக் கொன்றான். பிறகு கயிற்றைப் பிடித்தவள் அவர் தங்கை திருங்கோ.

"பொம்பள இழுத்தா நேரா ஆத்துக்குத்தான்" என்று கழுதைக்காரர்கள் சிரிப்பார்கள்.

"அப்ப நீந்தி வாங்க மாமா" என்பாள்.

கயிற்றில் தொங்குகிறவன் எவனானாலும், கல்லில் கால் வைக்கும்வரை இழுக்கிறவர்கள் பொறுப்பு. எங்கள் வழக்கம் அது.

ராணுவம் அக்கரை ஊர்களைக் கொளுத்திய அன்று சனங்கள் தப்பி வந்துகொண்டே இருந்தார்கள். தலையில் போர்வை சுற்றிய ஒருவன் நடுவில் தொங்கும்போது வெடிச்சத்தம். அக்கரையில் கயிறு பிடித்தவர்கள் சுருண்டு ஆற்றில் விழுந்தார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் ஓடிவிட்டார்கள். திருங்கோ மட்டும் கல்லில் காலை உதைத்து நின்றாள். ஊசலாடியவனின் போர்வை நழுவியது. கஷாவ்!

"விட்டுடுடி! உங்க அண்ணனைக் கொன்னவன்டி!"

"தெரியுது அண்ணி. கத்தாம பின்னால வந்து பிடிங்க."

"செத்தாலும் பிடிக்க மாட்டேன்."

அக்கரைச் சிப்பாயும் கத்தினான்: "கயித்த விடுடி, சுட்டுருவேன்!"

"சுட்டுக்கோடா!"

சுட்டான். அவளுடைய இடது தோள் பிய்ந்து ரத்தம் கொட்டியது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். அவனும் கல்லைப் பற்றி ஏறிவிட்டான்.

அவனைப் பாலத்துச் சுவர் மறைவுக்கு இழுத்துப்போய் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். அடுத்த கணம் அங்கே சாத்தியிருந்த அண்ணன் தடியை எடுத்து அவன் வலக்கையில் இறக்கினாள். எலும்பு நொறுங்கியது. மறுபடியும் அடித்தாள், கை தொங்கும்வரை. அவன் தடுக்கவில்லை.

"துப்பாக்கி பிடிச்ச கை போச்சு. மிச்சக் கையால என் தோளைக் கட்டுடா."

போர்வையைப் பல்லால் கிழித்துக் கட்டினான்.

ரத்தப் பழி தீர்க்க கஷாவ் எங்களுக்கு எத்தனை மாடு தர வேண்டும் என்று பெரியவர்கள் பேசியபோது, "மாடு வேண்டாம், கயிறு இழுக்க வரச் சொல்லுங்க" என்றாள். குண்டு பட்ட பிறகு அவளுக்கு இடக்கை விளங்கவில்லை. ஆளுக்கொரு கையாக இருவரும் பல வருஷம் இழுத்தார்கள். நான் அவனுக்கு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை. அன்றைக்கே கயிற்றை விட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் திருங்கோ செத்தாள். எங்கள் தேவாலயமும் இடுகாடும் அக்கரையில். உடலைக் கயிற்றில்தான் அனுப்ப வேண்டும். கஷாவ் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

போய் அவன் பின்னால் நின்று பிடித்தேன்.