ரெண்டு ஷிஃப்ட், ஒரே டீம்

எங்கள் ஜெர்ஸியை எத்தனை முறை துவைத்தாலும் ரப்பர் வாசனை போகாது. சூடான அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ரப்பரின் வாசனை... நாங்கள் மைதானத்துக்குள் நுழையும் முன்பே எதிர் டீமுக்குத் தெரிந்துவிடும், ராஜகீழ்ப்பாக்கம் கம்பெனி வந்தாச்சு என்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஆட்டம் முடிந்து போகும்போது பாதி டீம்கள் தோற்றுத்தான் போகும்.

தாம்பரம்–வேளச்சேரி ரோட்டில், லாரிகளுக்கு ரப்பர் சாமான் செய்த கம்பெனி அது. முதலாளிக்கு ஃபுட்பால் பைத்தியம். பந்தாடத் தெரிந்த பையன்களுக்கு டெம்பரரி வேலை கொடுத்து ஒரு கிளப் ஆரம்பித்தார். காலேஜ் முடித்துவிட்டு, வாத்தியாரான அப்பாவிடம் தினமும் அர்ச்சனை வாங்கிக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான் ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது.

நான் லெஃப்ட் பேக், டிஃபென்ஸில் இடது ஓரம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு என்னைவிட நல்ல லெஃப்ட் பேக் கிடையாது. அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் டீமில் ஒரு வேடிக்கை உண்டு. டிஃபென்ஸ் ஆடுகிறவர்களை முதலில் வேலைக்கு எடுத்தார்கள். எல்லோரும் ஏ பேட்ச். ஃபார்வர்டுகளைப் பிறகு எடுத்தார்கள். எல்லோரும் பி பேட்ச். நாங்கள் காலை ஷிஃப்ட் என்றால் அவர்கள் மதியம். வாராவாரம் ஷிஃப்ட் மாறும், ஆனால் ரெண்டு பேட்ச்சும் ஒன்றாகத்தான் மாறும். அதனால் நாங்கள் சாயங்காலம் பிராக்டிஸ் செய்தால் அவர்கள் காலையில் செய்வார்கள்.

சந்திப்பது ரெண்டு மணிக்கு, சைக்கிள் ஸ்டாண்டில் மட்டும். எங்கள் சென்டர் ஃபார்வர்ட் ஏழுமலை சைக்கிளைப் பூட்டிக்கொண்டே, "மச்சான், ஞாயித்துக்கெயம கார்னர் பக்கமா தூக்கி அடி, நான் வந்துடறேன்" என்பான். அதுதான் எங்கள் டீம் மீட்டிங்.

ஆட்டமும் அப்படியே. நாங்கள் பந்தை வானத்துக்கு அடிப்போம், ஏழுமலை அதைத் தேடி ஓடுவான். மைதானத்தின் நடுவில் புல் நன்றாக வளர்ந்திருக்கும்.

முதலாளி உடம்பு முடியாமல் ஒதுங்கியதும் புது மேனேஜர் வந்தார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். லீகின் கடைசி மேட்ச், பள்ளிக்கரணை டீமோடு. ஜெயித்து மேல் டிவிஷனுக்குப் போனால் கிளப் இருக்கும். இல்லையென்றால் கிளப்பும் கிடையாது, அதை நம்பி வந்தவர்களுக்கு வேலையும் கிடையாது.

பள்ளிக்கரணையிடம் நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அந்த மேட்ச் வரையாவது எங்கள் எல்லோரையும் ஒரே ஷிஃப்டில் போடுங்கள் என்று கேட்டேன். பிரஸ் மெஷினுக்கு ஆள் குறையக் கூடாது, யாராவது உங்களோடு மாறிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

யார் மாறுவார்கள்? பிள்ளையை ஸ்கூலில் விடுவது, வீட்டோடு நடத்துகிற கடை... எல்லாமே அந்த ஷிஃப்டை நம்பித்தான் ஓடுகின்றன. போய்க் கேட்கவே கூச்சமாக இருந்தது.

பிரஸ் செக்‌ஷனில் மஸ்தான் பாய் என்று ஒருவர், எங்கள் பேட்ச். ஃபுட்பால் பேச்சை எடுத்தாலே, பேஜார் என்று டீ கிளாஸோடு எழுந்து போய்விடுவார். விஷயம் கேன்டீனில் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கே வந்தார்.

"இன்னா சைமன், நாங்க அஞ்சு பேரு பி பேட்ச்சுக்குப் போறோம். உங்க ஆளுங்கள இங்க இட்டுகினு வந்துடு. மெஷினை நாங்க பாத்துக்கறோம், நீங்க பந்தைப் பாருங்க."

ஏழுமலையிடம் சொல்ல சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை.

முதல் நாள் பிராக்டிஸில் பெரிய ரகளை. நான் பந்தைப் பக்கத்தில் தள்ளுகிறேன், ஏழுமலை கார்னருக்கு ஓடிவிட்டான்.

"நான் இங்க கீறேன், நீ எங்கடா ஓடற?"

"நீ எப்பவும் தூக்கித்தானடா அடிப்ப?"

வருஷக்கணக்கில் ஒரே டீமில் ஆடியவர்கள் நாங்கள். அன்றைக்குத்தான் அறிமுகமே ஆனோம். அவனுக்கு இடது காலில் பந்து வந்தால்தான் பிடிக்கும் என்பது அந்த வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மேட்ச் நாள். ஞாயிறு என்பதால் கம்பெனி லீவு. ஃபுட்பாலே பார்த்திராத ஆட்கள் கம்பெனி லாரி நிறைய வந்து இறங்கினார்கள். மஸ்தான் பாய் குடையோடு லைன் ஓரத்தில் நின்றார்.

முடியப் போகிற நேரம் வரை ரெண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து என் காலுக்கு வந்தது. வழக்கம்போல் தூக்கி அடிப்பேன் என்று நினைத்து, பள்ளிக்கரணை டிஃபென்ஸ் முழுக்கப் பின்னால் ஓடியது. நான் நடுவில் தள்ளினேன், திரும்ப வாங்கினேன், ஏழுமலையின் இடது காலுக்குக் கொடுத்தேன். கோல். அவர்கள் கோல்கீப்பர் அப்போதும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தோம். மேல் டிவிஷனுக்குப் போனோம், வேலையும் பர்மனன்ட் ஆனது.

"இந்த ஒரு கோலுக்காடா என் ஷிஃப்ட்டை மாத்துனீங்க?" என்றார் பாய். கத்திக் கத்தி அவருக்குக் குரலே போயிருந்தது.

பிற்பாடு கம்பெனி ஊரைவிட்டுப் போனது. அந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். ஆனால் கிளப் இருக்கிறது. நான்தான் செக்ரட்டரி, மூட விடவில்லை. பையன்கள் நாவலூரில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானத்தை புக் பண்ணி, எல்லோரும் சேர்ந்து பிராக்டிஸ் செய்கிறார்கள். எங்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் டர்ஃப் வாடகையை ஒரு பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்டது. நல்ல மனசு, குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் கேப்டன் பையனிடம், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு அந்த ஆபீஸிலிருந்து யாராவது வருவார்களா என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள். டீம் போட்டோ அனுப்பினா போதும்னு சொல்லிட்டாங்க."

அன்றைக்கு ஆள் நிறைய வந்து நின்ற அந்த லாரியை நினைத்துக்கொண்டேன்.

போட்டோ அனுப்பினோம். உடனே போனில் ஒரு தம்ஸ் அப் வந்தது.