மேலே போகாத ஃபைல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசினால் எனக்குக் கம்பெனி சட்டம் ஞாபகம் வரும். சொன்னால் சிரிக்கிறாள். அந்த நெடி, சைக்ளோஸ்டைல் நகலெடுக்க அடிக்கும் ஸ்டென்சிலைத் திருத்தும் சிவப்புத் திரவத்தின் நெடி. தட்டச்சில் தப்பு விழுந்தால் மெழுகுத் தாளில் அதைத் தடவி, வாயால் ஊதி, காய்ந்த பிறகு அதே இடத்தில் சரியான எழுத்தை அடிக்க வேண்டும். எத்தனை மாலைகள் அப்படி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊதும்போதெல்லாம் தலை லேசாகச் சுற்றும், உலகம் திருத்தக்கூடியது என்று தோன்றும்.

எழுபதுகளின் பின்பகுதி அது. டெல்லியில் ஒரு சட்டக் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்கு நான் கம்பெனி சட்டம் நடத்தினேன். புத்தகத்தை வாசித்துப் பொருள் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. தீர்ப்புகளைச் சுருக்கி, சைக்ளோஸ்டைல் செய்து, முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். வகுப்பில் ஆசிரியர் கேள்வி மட்டும் கேட்பார். சீமைத் தீர்ப்புகளுக்கு நடுவே நம் ஊர் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தேடிச் சேர்ப்பதுதான் என் ஆராய்ச்சி. பகலெல்லாம் நூலகத் தூசி, சாயங்காலம் விரலெல்லாம் மை. முனிர்காவில் ஒற்றை அறை, ஓரிடத்தில் நிற்காத கால்கள், இருபத்தேழு வயது. இந்தத் தேசத்தின் வியாபாரம் முழுவதும் என் தாள்களால் நேர்மையாகிவிடும் என்று நம்பினேன். இன்னும் பாதி நம்புகிறேன்.

என் மாணவர்களில் பெரும்பாலோர் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் குமாஸ்தாக்கள். வேலை விட்டதும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து சேர்வார்கள். பலருக்கு என்னைவிட வயது கூட. அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆபீசில் ஃபைலில் குறிப்பு எழுதுவதைப் போலவே விடைத்தாளையும் எழுதுவார்கள். நடந்ததைச் சொல்வார்கள், விதியைச் சொல்வார்கள், இப்படியும் பார்க்கலாம் அப்படியும் பார்க்கலாம் என்பார்கள். முடிவு மட்டும் இருக்காது. முடிவு மேலே இருப்பவர் போட வேண்டியது. மற்றவர்கள் ஒரு பருவத்தில் அதை உதறிவிடுவார்கள். ஒரே ஒருவரால் முடியவில்லை.

லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து வந்த திருநெல்வேலி அக்கா அவர். ஒரு அமைச்சகத்தில் மேல்நிலை எழுத்தர். வகுப்புக்கு வெளியே நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் எங்கேயும் என்னை மேடம் என்றுதான் சொல்வார், பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலையைப் பங்கு போட்டுக் கொறிக்கும்போதுகூட. கம்பெனி சட்டத்தில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாம் முறையும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், படிப்பு அத்தோடு சரி. அவர்கள் அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் ஒரு பதவி வரவிருந்தது. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். பதினான்கு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து யார் யாருடைய முடிவுக்கோ குறிப்பு எழுதியவருக்கு அந்தப் பதவி என்னவாக இருந்தது என்பதை அவர் சொன்னதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்.

அவருடைய பழைய விடைத்தாள் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வரி பிசகாத ஆங்கிலம். கடைசியில், பழக்கதோஷத்தில், மேலதிகாரியின் உத்தரவு கேட்டு 'ஃபார் ஆர்டர்ஸ் ப்ளீஸ்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

நான் பஸ் ஸ்டாப்பில் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நான் எப்படி மேடம் முடிவு சொல்லுதது? நான் யாரு?" என்றார்.

பரீட்சை எழுதுவது நீங்கள்தானே என்றேன். எழுதுகிறவள் மேலே இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுவாள் என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு மாலை, இந்தக் கணக்கை வகுப்பில் வைத்தேன். ஒரு கம்பெனி மானேஜர் தச்சுப்பட்டறைக்காரரிடம் நூறு நாற்காலிக்குக் கையெழுத்துப் போட்டு ஆர்டர் கொடுக்கிறார். கம்பெனி விதிப்படி இயக்குநர்கள் கூடித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நாற்காலிகள் வாசலில் வந்து இறங்கிய பிறகு, உள்ளே தீர்மானம் இல்லை, ஆகவே ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்கிறது கம்பெனி. யார் ஜெயிப்பார்?

அக்காவை எழுப்பினேன். ஒரு பக்கம் பார்த்தால் என்று ஆரம்பித்தார். பின் வரிசையில் கலால் இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு, பருத்த மனிதர், நல்ல மனிதரும்தான். பஹன்ஜி, அதாவது நம் அக்கா, இந்த நாற்காலியையும் ராஷ்டிரபதிக்கு அனுப்பிவிடுவார், அவர் உட்கார்ந்து பார்த்து உத்தரவு போடட்டும் என்று ஹிந்தியில் சொன்னார். வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மேலே யாரும் இல்லை" என்றேன். "இந்த ஃபைல் உங்க மேசையோட நிக்குது. சொல்லுங்க."

சைக்ளோஸ்டைல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே சாலையில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடமே ஒரு கேள்வி கேட்டார். அந்தத் தச்சுப்பட்டறைக்காரரை யாராவது ஆபீசுக்குள் விட்டார்களா? இல்லை, வாசல் அறையிலேயே கையெழுத்தாகிவிட்டது என்றேன்.

அப்போது அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. ஊர்த் தமிழ்தான் வந்தது.

"வெளிய நிக்கவனுக்கு உள்ள எவன் ஒப்பம் போட்டான், எவன் போடலன்னு எப்படித் தெரியும்? அதைப் பாக்குதது உள்ள இருக்கவன் வேலை. கம்பெனிதான் பொறுப்பு. அவ்வளவுதான்."

ஹிந்தியில் சொல்லுங்கள் பஹன்ஜி என்றார் இன்ஸ்பெக்டர். ஹிந்தியில் சொன்னார். ஆங்கிலத்திலும் சொன்னார். உள்ளே தில்லுமுல்லு இருப்பது தச்சனுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்ஸ்பெக்டர் மடக்கப் பார்த்தார். தெரிந்திருந்தால் கதை வேறு, தெரியும் என்று எங்கே எழுதியிருக்கிறது, தாளைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்றார் அக்கா. இப்போது வகுப்பு சிரித்தது இன்ஸ்பெக்டரைப் பார்த்து. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா சொன்னது புதிதல்ல, பழைய சட்டம். அந்தத் தாளிலேயே மூன்றாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. ஆனால் அதை அவர் தாளிலிருந்து எடுக்கவில்லை. எங்கிருந்து எடுத்தார் என்பதை, வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் மெதுவாகச் சொன்னார். அன்று காலை காஸ் இணைப்புக்காக ஒரு ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் நின்றிருக்கிறார். உள்ளே யாரோ ஒப்பம் போடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷமும் நான் அந்த ஜன்னலுக்கு உள்ளேயே இருந்துவிட்டேன் என்றார். குளிர் விலகிக்கொண்டிருந்த மாலை அது, வேப்பமரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தளிருக்குக் காத்து நின்றன.

ஏப்ரலில் பரீட்சை. அறையிலிருந்து வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, இது சரியா, அது சரியா, இதற்கு மார்க் கொடுப்பார்களா என்று பிய்த்தெடுத்தார்கள். அக்கா தூரத்தில் பானைத் தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார், எனக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. லூ என்னும் கோடை அனல்காற்று அடித்து ஓய்ந்த பிறகு முடிவுகள் வந்தன. தேறியிருந்தார். பெரிய மார்க் இல்லை, தேறியிருந்தார்.

அதற்குள் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கால்கள் மறுபடி அரித்தன. கிளம்புவதற்கு முந்தின மாலை, அதே பஸ் ஸ்டாப்பில், முதல் மழையில் நனைந்த புழுதி வாசனையோடு நின்றோம். என் ஸ்டென்சில்களை யார் திருத்துவார்கள் என்று கவலைப்பட்டார். அடுத்தவர் வருவார், அவரும் ஊதுவார் என்றேன். பதவிக்கு விண்ணப்பம் கேட்டு சர்க்குலர் வந்துவிட்டதை அவராகச் சொல்லவில்லை, நான்தான் கிளறினேன். விண்ணப்பம் அவருடைய செக்‌ஷன் ஆபீசர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மனிதர், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், இதெல்லாம் எதற்கு என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார்.

லோதி ரோடு பஸ் வந்தது. கண்டக்டர் தகரத்தைத் தட்டி ஜல்தி ஜல்தி என்றார்.

"அக்கா, அந்த செக்‌ஷன் ஆபீசர்கிட்ட கேட்டீங்களா? சரின்னாரா?"

அவர் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"கேக்கல. எழுதி ஒப்பம் போட்டு அவர் மேசையில வச்சிட்டேன். நீ போயி நல்லா இரு. வாரேன்."