பங்களா வாசலில் ஹாரன்

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில், ஒரு கடையின் மாடியில் ஓர் அக்காவோடு வேலை செய்தேன். ஹெல்மெட்டில் அமுங்கிய குட்டை முடி, யாருக்கும் தணியாத குரல். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்களிலும் ரப்பர் தோட்ட உத்தரவுகளிலும் மனிதரை இனம் பிரித்தவை எவை என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை.

ஒரு நாள் ஓர் உத்தரவு வந்தது. துரை பங்களாவைக் கடக்கும்போது தொழிலாளர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டுமாம். கணினி அதை இனம் பிரிப்பது அல்ல என்று ஒதுக்கிவிட்டது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

"இனத்தோட பேரே இல்லையே, அக்கா?"

"தொழிலாளின்னா யாரு தம்பி? நம்மாளுங்கதானே! வெள்ளக்காரன் எவனாச்சும் எறங்கித் தள்ளுனானா? இதெல்லாம் தெரிய, இந்த மெஷினு எந்தத் தோட்டத்து லய வீட்டுல பொறந்துச்சு?"

'இனப்பாகுபாடு' என்று குறித்தார். மேலதிகாரி வந்து கேட்டபோதும் மாற்றவில்லை.

அன்று மாலை அவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கோலா கெத்தில் ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பழைய துரை பங்களா பூட்டிக் கிடந்தது. அதன் முன்னால் வேகத்தைக் குறைத்து, மதில் முடியும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

"உள்ள யாருமே இல்லையே, அக்கா."

"தெரியும் லா. இருந்தப்ப நம்மால ஹாரன் அடிக்க முடியலயே!"